ரிவர்ஸ் இல்லாத வண்டி

அருணாச்சலத்தின் கார் முன்னால் மட்டும்தான் போகும், பின்னால் போகாது. ஏதோ ரிப்பேர் என்று நினைத்துவிட வேண்டாம். செய்தவனே அப்படித்தான் செய்து அனுப்பியிருந்தான்.

அந்த வண்டி பிறந்த கதையே ஒரு கூத்து. ஜெர்மனியில் சண்டை விமானம் செய்துகொண்டிருந்த கம்பெனி ஒன்று. யுத்தத்தில் தோற்றதும், இனிமேல் விமானம் செய்யக் கூடாது என்று கையைக் கட்டிவிட்டார்கள். பழகின கை சும்மா இருக்குமா? மூன்று சக்கரத்தில் ஒரு குட்டிக் காரைச் செய்தார்கள். விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டை மட்டும் அறுத்தெடுத்து ரோட்டில் விட்ட மாதிரி இருக்கும். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, ஸ்கூட்டருக்கு வைக்கிற இன்ஜின். பக்கத்தில் கதவே கிடையாது. வண்டியின் மூஞ்சிதான் கதவு. மூஞ்சியைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்து, மூஞ்சியை இழுத்துச் சாத்திக்கொள்ள வேண்டும். தலைக்கு மேலே தகரம் இல்லை, ரெக்சின் துணி.

பிறகு அதே வண்டியை இங்கிலாந்தில் செய்யத் தொடங்கினார்கள். அங்கே அப்போது ஒரு சட்டம் இருந்தது. மூன்று சக்கர வண்டிக்கு ரிவர்ஸ் இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதும், ரிவர்ஸ் இருந்தால் கார் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதற்காக நல்ல ரிவர்ஸ் கியரை ஒரு தகடு வைத்து அடைத்து விற்றார்கள். புத்திசாலிகள் ஊரில் நடந்த காரியம் இது, நம்மூரில் நடந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

அப்படி அடைத்த வண்டி ஒன்றை மதராஸில் வேலை பார்த்த வெள்ளைக்காரன் ஒருவன் கப்பலில் கொண்டுவந்திருந்தான். ஊருக்குத் திரும்பும்போது யார் தலையிலாவது கட்டப் பார்த்தான். அருணாச்சலத்தின் தலை கிடைத்தது. எளாவூருக்குக் கிழக்கே நஞ்சை நிலம் வைத்திருந்த பெரிய குடும்பம். காரில் போக வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை, ஆனால் அவர் ஊருக்குப் போகிற ஏரிக்கரை மேல் பெரிய கார் எதுவும் ஏறாது. இது ஏறியது. சுற்று வட்டாரத்தில் அந்த மாதிரி வண்டி இன்னொன்று கிடையாது என்பதில் மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. பிள்ளைகள் அதற்கு முட்டை வண்டி என்று பேர் வைத்தார்கள்.

ஏரிக்கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பள்ளத்தில் வயல். கரை முடிகிற இடத்தில் அவருடைய வீடு, அதற்கப்புறம் வயலுக்குள் இறங்குகிற மாட்டு வண்டித் தடம் தவிர வழியில்லை. போன வண்டி திரும்பியாக வேண்டுமே. நியூட்ரலில் போட்டுப் பின்னால் தள்ளிப் பார்த்தார்கள். ஒற்றைப் பின்சக்கரம் இஷ்டத்துக்கு ஒதுங்கி, கரையை விட்டு இறங்கப் பார்த்தது. தகட்டை எடுத்துவிட்டு ரிவர்ஸைச் சரிபண்ண மதராஸில் ஒரு மெக்கானிக்கும் துணியவில்லை. கடைசியில் மிஞ்சினது ஒரே வழி. நாலு பேர் சேர்ந்து வண்டியை அப்படியே தூக்கித் திருப்பி வைப்பது.

தூக்குகிறதற்குக் குப்பத்து ஆட்கள் இருந்தார்கள். பழவேற்காட்டுக் காயலை அங்கே உப்பேரி என்பார்கள். அந்தக் கரையில், ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது அவர்கள் குப்பம். பிறந்ததிலிருந்து படகு தூக்கிப் பழகின தோள். மீன் படாத மாதங்களில் அருணாச்சலத்தின் வயலில்தான் வேலை. அதனால் ஹாரன் இரண்டு தரம் அடித்தால், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாலும் கையை உதறிவிட்டு ஓட வேண்டும். கூலி என்று எதுவும் கிடையாது. "இந்த வண்டியத் தொடுறதுக்கே குடுத்து வச்சிருக்கணும்டா" என்பார் அவர்.

அந்த நாலு பேருக்குத் தலை துலுக்காணம். படகு தூக்குகிற இடத்தில் ஒருவன் குரல்தான் கேட்க வேண்டும். அவன் "தூக்கு" என்றால் தூக்குவார்கள், "நட" என்றால் நடப்பார்கள். இன்னொரு சொல்லும் உண்டு. தூக்குகிறவர்களில் எவனுக்காவது கால் வழுக்கினால் அந்தத் தலையாள் "உடு" என்று கத்துவான். கத்தின அந்த நொடியே எல்லோரும் ஒன்றாகக் கையை விட்டுவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. ஒருவன் விட்டு மற்றவன் பிடித்துக்கொண்டிருந்தால் படகு சாய்ந்து, விழுந்தவன் மேலேயே உட்கார்ந்துவிடும். எல்லோரும் விட்டால் நேராக மணலில் இறங்கும், ஆளுக்கும் ஒன்றும் ஆகாது, படகுக்கும் ஒன்றும் ஆகாது. மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே துலுக்காணத்தின் வாயில் ஊறின சொல் அது. முட்டை வண்டிக்கும் அதே முறைதான், அதே சொற்கள்தான்.

துலுக்காணத்துக்கும் குப்பம்மாளுக்கும் ஒரே பெண், செல்லி. அப்பன் வண்டி தூக்கப் போனால் அவளும் பின்னாலேயே ஓடுவாள். தூக்கித் திருப்பி முடிகிற வரைக்கும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பாள்.

ஒரு சித்திரையில் குப்பத்தில் வாந்திபேதி வந்தது. செல்லிக்குக் காலையில் பிடித்தது, உச்சிப்பொழுதுக்குள் கண் உள்ளே போய்விட்டது. துலுக்காணம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அருணாச்சலத்தின் வீட்டுக்கு ஓடினான். வண்டி வாசலில்தான் நின்றது.

"ஐயா, பொன்னேரி ஆஸ்பத்திரி வரைக்கும் இட்டுக்கினு போனீங்கன்னா புள்ள பொழச்சிக்கும்யா."

"இப்பத்தான்டா சீட்டு புச்சா தச்சு எடுத்தாந்தேன்" என்றார் அருணாச்சலம். "உள்ள வாந்தி எடுத்து வச்சா இன்னா பண்றது? ஒட்டுவாரொட்டி வியாதி வேற. எங்க ஊட்டம்மா குந்துற எடம் அது. மாட்டு வண்டி தரேன், கட்டிக்கினு போ."

அவருடைய மனைவி சம்பூர்ணம் உள்ளேயிருந்து வந்தாள். "கொழந்தைங்க. இட்டுக்கினு போங்க. சீட்ட நான் கழுவிக்கிறேன்" என்றாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செல்லியை மடியில் போட்டுக்கொண்டு குப்பம்மாள் உட்கார்ந்திருக்க, மாட்டு வண்டி ஆடி அசைந்து போனது. எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றிருந்த இடத்தில் செல்லியின் உயிர் போயிற்று. பெற்ற வயிறு போட்ட சத்தத்தில் லாரிக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்து பார்த்தார்கள். இத்தனைக்கும் வீட்டில் பெட்ரோல் இருந்தது, வண்டி இருந்தது, ஓட்டத் தெரிந்த மனுஷனும் இருந்தான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

காரியம்கூட முடியவில்லை, அதற்குள் ஹாரன் இரண்டு தரம் அடித்தது. துலுக்காணம் எழுந்து போனான். போய்த் தூக்கினான். போகாவிட்டால் வயல் வேலை கிடைக்காது, வலைக்கு நூல் வாங்க வழியிருக்காது. இதெல்லாம் குப்பம்மாளுக்கும் தெரியும். ஆனால் அவன் திரும்பி வந்தபோது அவள் ஒன்று சொன்னாள்.

"அந்த வண்டியத் தோள்ல தூக்கிக்கினு ஆடுறியே. உன் பொண்ணு குந்த அதுல ஒரு எடம் கெடைக்கல."

அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் அவனிடம் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வாள். ஊரில் எல்லோரிடமும் பேசினாள், மீன் விற்கப் போன இடத்தில் சண்டை கூடப் போட்டாள். புருஷனிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மழைக்காலம் இப்படியே போனது. பிள்ளை செத்த துக்கத்தைக் காட்டிலும் இது துலுக்காணத்தை அரித்துத் தின்றது. எதைச் செய்தால் இவள் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவாள் என்பதைத் தவிர அவன் மனசில் வேறு எண்ணமே இல்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. சம்பூர்ணத்துக்கு அதுதான் முதல் பிரசவம், கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. மத்தியானம் வலி கண்டது. மருத்துவச்சி மணியம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கையை விரித்துவிட்டாள். அருணாச்சலம் மனைவியை முட்டை வண்டியின் சீட்டில் தனக்குப் பக்கத்தில் குறுக்காகச் சாய்த்து வைத்தார். மருத்துவச்சி ஏற இடமில்லை. கரை மேல் பாதி தூரம் போனதும் மதகுப் பக்கம் கரை அறுத்துக்கொண்டு தண்ணீர் ஓடுவது தெரிந்தது. மேலே போக முடியாது. வீட்டுப் பக்கம் திரும்பி வந்தால், அவசரத்துக்கு அந்த மாட்டு வண்டித் தடத்தில் இறங்கி வயல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகலாம். ஆனால் திரும்ப வேண்டுமே. ஹாரனை அடித்து அடித்துப் பார்த்தார், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மனைவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குப்பத்துக்கு ஓடி வந்தார்.

துலுக்காணத்தின் குடிசை வாசலில் வந்து நின்றபோது அவருக்கு மூச்சு இரைத்தது.

"துலுக்காணம், வண்டியத் திருப்பணும்டா. அம்மா உள்ள இருக்கா. உங்கால்ல உழறேன், வாடா."

குப்பம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். துலுக்காணம் அவளைப் பார்த்தான். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து ஓடினான். பச்சையப்பனையும், பாக்கியராஜையும், பாக்கியராஜின் தம்பியையும் கூவிக்கொண்டே ஓடினான். ஓடும்போது செல்லியின் ஞாபகம் வரவில்லையா என்றால் வந்தது. வயிறு எரியவில்லையா என்றால் எரிந்தது. ஆனால் கால் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை, இதை நான் எந்தக் கோயிலிலும் சொல்வேன். சீட்டை நான் கழுவிக்கொள்கிறேன் என்று சொன்னவள் அந்த வண்டிக்குள் கிடந்தாள். அது ஒன்றுதான் அவன் நினைவில் இருந்தது.

கரை மேல் சேறு கணுக்கால் வரைக்கும் இருந்தது. பச்சையப்பன் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மாவ எறக்கிக் கட்டில்ல வச்சித் தூக்கிக்கினு போயிடலாம்யா. ஊட்டாண்ட போயி மாட்டு வண்டி கட்டிக்கலாம்" என்றான்.

"இந்த மழையில நனைக்கச் சொல்றியா? மாட்டு வண்டில போனா எப்ப போயிச் சேர்றது?" என்று கத்தினார் அருணாச்சலம். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும், துலுக்காணத்தின் பக்கம் திரும்பாமலே, "வண்டியோட தூக்குங்கடா" என்றார்.

தூக்கினார்கள். பாக்கியராஜும் தம்பியும் முன்பக்கம். துலுக்காணமும் பச்சையப்பனும் பின்னால், இன்ஜின் கனம் இருக்கிற பக்கம். துலுக்காணம் ஏரி ஓரம் நின்றான். பின் கண்ணாடி வழியாகச் சம்பூர்ணத்தின் முகம் தெரிந்தது. வியர்வையில் நனைந்த முகம். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்துத் தூக்குங்க" என்றாள், கண்ணாடிக்கு வெளியே மெல்லிசாகக் கேட்டது.

"தூக்கு" என்றான் துலுக்காணம். "நட."

வண்டி கரைக்குக் குறுக்கே பாதி திரும்பியது. அவன் கரையின் விளிம்பிலேயே பின்னால் அடியெடுத்து வைத்தான். காலடியில் மண் கரைந்தது. உடம்பு சாய்ந்தது. "உடு" என்று வாய் கத்திவிட்டது.

கத்தினது அவன் இல்லை, இருபத்தைந்து வருஷப் பழக்கம். நாலு பேரும் ஒன்றாகக் கையை விட்டார்கள். உப்பேரி மணலாக இருந்திருந்தால் தட்டென்று உட்கார்ந்திருக்கும், சிரித்துக்கொண்டே மறுபடி தூக்கியிருப்பார்கள். இங்கே பின்சக்கரம் விளிம்பில் இறங்கியது, விளிம்பு உடைந்தது, வண்டி பக்கவாட்டில் உருண்டு ஏரிக்குள் போனது. மூஞ்சி சேற்றில் புதைந்தது. மூஞ்சிதானே கதவு.

முதலில் குதித்தவன் துலுக்காணம். தண்ணீருக்கடியில் தடவி, ரெக்சின் கூரையைக் கையாலும் பல்லாலும் கிழித்து, அவளை இழுத்துக் கரையில் போட்டான். மணியம்மாள் ஓடி வந்து மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். வயிற்றுப் பிள்ளையும் போயிற்று.

போலீஸ் வந்தது. மழை, சேறு, கால் வழுக்கல் என்று எழுதிக்கொண்டு போனது. ஆனால் ஊர் வாயை யார் கட்டுவது? கட்டளை கொடுத்தவன் துலுக்காணம், விடச் சொன்னவனும் துலுக்காணம். மகளுக்கு இடம் கொடுக்காத வண்டியை அருணாச்சலத்தின் பெண்டாட்டியோடு சேர்த்து ஏரியில் கவிழ்த்துவிட்டான் என்று அங்கங்கே பேசினார்கள். ஊரில் அதைக் கோபமாகப் பேசினார்கள். குப்பத்தில் சிலபேர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு மாதிரிப் பேசினார்கள். பச்சையப்பன் மட்டும், "வாய்ல வந்துட்ச்சுடா, படகுன்னு நெனச்சுட்டான்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். எவனும் காதில் வாங்கவில்லை.

வண்டி கவிழ்ந்த அன்றைக்குச் சாயங்காலம் துலுக்காணம் சுளுக்கின காலை இழுத்துக்கொண்டு குடிசைக்கு வந்தான். குப்பம்மாள் வெந்நீர் வைத்திருந்தாள். அவனை உட்கார வைத்து, காலில் துணியை நனைத்து ஒற்றினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சோறு போட்டாள், கெளுத்திக் குழம்பு ஊற்றினாள். எழுந்து போகாமல் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோய்யா" என்றாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளுடைய குரல். துலுக்காணம் தட்டை நீட்டினான்.

"எம் பொண்ணு எங்க இருந்தாலும் இன்னைக்கு அவ வயிறு குளுந்திருக்கும்" என்றாள் குப்பம்மாள். "நீ ஆம்பளைதான்யா. நான்தான் புரிஞ்சிக்கல. மனசுல வச்சிக்கினு எத்தினி நாளு அந்த வண்டியத் தூக்கியிருக்க."

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. "குப்பு, நான் வந்து..." என்று ஆரம்பித்தான்.

"எங்கிட்ட சொல்லாத. யாராண்டயும் சொல்லாத" என்று அவன் வாயில் கையை வைத்தாள். மீன் வாடையும் மஞ்சள் வாடையும் அடித்த கை. துலுக்காணம் அந்தக் கையை விலக்கவில்லை. இது பாவம் என்று தெரிந்தும் விலக்கவில்லை. தட்டில் இருந்ததை எல்லாம் தின்று முடித்தான்.

மனைவியின் காரியம் முடிந்த கையோடு அருணாச்சலம் குப்பத்து நாட்டாமை பூவராகவனிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டார். எல்லையம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி வைக்க வேண்டும். வேண்டுமென்று செய்யவில்லை என்று துலுக்காணம் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் அதோடு விட்டுவிடுகிறேன், செய்யாவிட்டால் அவன் இந்தக் குப்பத்தில் இருக்கக் கூடாது. நாட்டாமையும் ஒத்துக்கொண்டார். சத்தியம் செய்யாதவனுக்கு உப்பேரியில் வலை போட முறை கிடையாது என்று முடிவானது.

பச்சையப்பனுக்கு நிம்மதி. "நெசத்ததான சொல்லப் போற? அடிச்சிட்டு வாடா, தொலையட்டும் பேஜாரு" என்றான்.

குடிசையில் குப்பம்மாள் வேறு விதமாகச் சொன்னாள். "கற்பூரத்த அடிக்காதய்யா. செஞ்சத செய்யலன்னு ஆத்தா எதுருல சொன்னா, செல்லிய எம் பொண்ணு இல்லன்னு சொன்ன மாதிரி. ஊர உட்டுப் போனாப் போறோம். கும்மிடிப்பூண்டில ஃபேக்டரி கட்டுறாங்களாம், மண்ணு வேலை இருக்குது. நான் கூட இருக்கேன்."

மறுநாள் காலை கோயில் முன்னால் ஊரும் குப்பமும் கூடியிருந்தது. பூவராகவன் கல் மேல் கற்பூரத்தைக் கொளுத்தினார். அருணாச்சலம் மழித்த தலையோடு நின்றிருந்தார், பத்து வயது கூடிப் போயிருந்தது. குரலில் பழைய அதிகாரம் எதுவும் இல்லை.

"அடிச்சிச் சொல்லுடா. வேணும்னு செய்யலன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் நம்பிக்கிறேன்" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. பாவம், எப்படிப் போனாலும் அவர் தலையில்தான் விடியும். கால் வழுக்கினது நிஜமென்றால், கட்டிலில் இறக்க விடாத குற்றம் அவருடையது. வேண்டுமென்று செய்ததென்றால், அதற்குக் காரணமும் அவர்தான்.

துலுக்காணம் கையைத் தூக்கினான். சொல்லப் போவது சுத்தமான நிஜம். அம்மனுக்குத் தெரியும், பச்சையப்பனுக்குத் தெரியும். பெண்கள் பக்கத்தில் குப்பம்மாள் நின்றிருந்தாள். செல்லி உயிரோடு இருந்த காலத்தில் எப்படி அவனைப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்கின கை அப்படியே நின்றது. கற்பூரம் எரிந்தது, உருகியது, கல்லில் கறுப்பாகத் தடம் விட்டுத் தானாக அணைந்தது. அவன் கையைக் கீழே போட்டான். கூட்டத்தில் யாரோ ஒருவன் காறித் துப்பினான். அருணாச்சலம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். அவள் தலையில் சட்டிபானை மூட்டை, அவன் தோளில் பாயும் இரண்டு துணியும். ஏரிக்கரை வழியாகப் போகவில்லை, வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு போய் ரோட்டைப் பிடித்தார்கள். அவன் நொண்டிக்கொண்டு நடந்தான், அவள் அவனுக்காக மெதுவாக நடந்தாள். இரண்டு வருஷத்துப் பேச்சை எல்லாம் சேர்த்துப் பேசினாள். குடிசை எங்கே போடலாம், யாரிடம் வேலை கேட்கலாம், கருவாடு கொண்டுபோய் விற்றால் எடுபடுமா என்று ஓயாமல் பேசினாள். துலுக்காணம் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினான்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் பேச்சை நிறுத்தினாள். லாரி ஒன்று சேற்றை வாரி அடித்துக்கொண்டு கடந்து போகிற வரைக்கும் ஓரமாக நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இன்னாய்யா, நீ உடுன்னு கத்தினப்ப, வண்டிக்குள்ள இருந்தவ உன் மூஞ்சியப் பாத்தாளா?"

துலுக்காணம் பாயைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"பாத்தா" என்றான்.

குப்பம்மாள் தலை மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.